எல்எஸ்யூ டைகர்ஸ் 2019: ஒரு காலேஜ் ஃபுட்பால் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பதில்தான்: லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின், அதாவது எல்எஸ்யூ டைகர்ஸின், 2019 சீசன். 15 ஆட்டம், 15 வெற்றி, தேசியக் கோப்பை. சொன்னதும் வரிசையாகக் கேள்விகள் வரும். அவற்றுக்கான பதில்கள் கீழே.

இது எந்த ஃபுட்பால்? காலால் உதைப்பதா?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், 100 யார்டு மைதானத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோகும் அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்து 1 புள்ளி கூட்டலாம், அல்லது இன்னொரு முறை பந்தை உள்ளே கொண்டுபோய் 2 புள்ளி எடுக்கலாம். தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி.

பந்தை யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று களத்தில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அவர் எறிவதைப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியெல்லாம் பார்க்கப் பார்க்கப் பிடிபட்டுவிடும்.

கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

பேட்டன் ரூஜ் நகரில் இருக்கும் எல்எஸ்யூவின் சொந்த மைதானமான டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் அது நிரம்பிவிடும். லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணி இருக்கிறது. ஆனாலும் மாநிலம் முழுக்க ஊர் ஊராகச் சொந்தம் கொண்டாடுவது எல்எஸ்யூவைத்தான். பக்கத்து மாநிலங்களான அலபாமா, மிசிசிப்பி, ஆர்கன்சா எல்லாவற்றிலும் இதே கதைதான். அந்த வட்டாரப் பல்கலைக்கழகங்கள் மோதும் எஸ்இசி என்ற குழுதான் இந்த ஆட்டத்தில் மிகக் கடினமானது என்று பெயரெடுத்திருக்கிறது.

1988-இல் ஆபர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் எல்எஸ்யூ டச் டவுன் அடித்தபோது ரசிகர்கள் துள்ளிக் குதித்த ஆர்ப்பாட்டம், பல்கலைக்கழகத்தின் நில அதிர்வுக் கருவியிலேயே பதிவானது. அந்த மைதானத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

2019-க்கு முன்பு இந்த அணி எப்படி இருந்தது?

நல்ல அணிதான், ஆனால் ஒரே மாதிரி ஆடும் அணி. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மோதி ஓடுவது, தடுப்பாட்டத்தை நம்பிக் குறைந்த புள்ளியில் ஜெயிப்பது. மற்ற ஊர்களில் பந்தைப் பரவலாக எறிந்து ஆடத் தொடங்கிய பிறகும் எல்எஸ்யூ தன் பழக்கத்தை விடவில்லை.

அதன் விலை அலபாமாவிடம் தெரிந்தது. 2012 ஜனவரியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமா 21, எல்எஸ்யூ 0. ஆட்டம் முழுவதிலும் எல்எஸ்யூ எடுத்தது வெறும் 92 யார்டு. அன்று தொடங்கி அலபாமாவிடம் தொடர்ந்து எட்டுத் தோல்விகள். 2018 நவம்பரில், சொந்த மைதானத்தில், சொந்தக் கூட்டத்தின் முன்னால் 29-0. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அடுத்த ஆண்டு இதே அணி என்ன செய்யப்போகிறது என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அதே குவாட்டர்பேக்தான், அதே தலைமைக் கோச்தான்.

அப்படியானால் மாறியது என்ன?

தலைமைக் கோச் எட் ஓர்ஜரான் தன் பிடிவாதத்தை விட்டார். இந்த சீசனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வீரர்களின் திறமையைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த முடிவு.

ஓர்ஜரான் லூசியானாவின் தென்கோடி ஈரநிலங்களில் இருக்கும் லாரோஸ் ஊர்க்காரர். கரகரத்த குரல், தடுப்பாட்ட வரிசையைப் பயிற்றுவித்தே வளர்ந்தவர். முன்பு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு தலைமைக் கோச்சாக இருந்தபோது 10 வெற்றி, 25 தோல்வி. அதோடு அவர் கதை முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். 2016-இல் எல்எஸ்யூ தன் கோச்சை நீக்கியபோது தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். அப்புறம் அதையே நிரந்தரமாக்கினார்கள்.

அவர் 2019-க்கு முன்பு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் உதவிக் கோச்சை அழைத்து வந்தார். அப்போது பிரேடிக்கு 30 வயதுகூட ஆகவில்லை. ஏற்கெனவே இருந்த தாக்குதல் பொறுப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கருக்கு அறுபது வயது. இந்த இருவரும் சேர்ந்து புதிய ஆட்டமுறையை அமைத்தார்கள். ஐந்து பேரை அகலமாகப் பரப்பி நிறுத்துவது, குவாட்டர்பேக்கின் பக்கத்தில் யாரையும் வைக்காமல் விடுவது, எதிரணி எங்கே ஆள் குறைத்திருக்கிறதோ அங்கே உடனே பந்தை எறிவது. பெரியவர் சின்னவருக்கு இடம் கொடுத்தார், சின்னவர் பெரியவரை மதித்தார். ஆட்டத்தின்போது எந்த வியூகம் என்று அழைக்கும் பொறுப்பு என்ஸ்மிங்கரிடமே இருந்தது. எத்தனையோ அணிகள் இந்த இடத்தில்தான் உடைந்து போகின்றன.

எல்எஸ்யூவின் குவாட்டர்பேக் ஜோ பரோ யார்? முன்பே பெயர் பெற்றவரா?

கொஞ்சம்கூட இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் ஏதன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அப்பா கல்லூரி ஃபுட்பால் கோச். அப்பாவும் அண்ணன்களும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்கள். ஆனால் பரோவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் மாற்று வீரராக வெளியே உட்கார்ந்திருந்தார். 2018-இல் அங்கே முதல் இடம் வேறொருவருக்குப் போகும் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்.

அப்போதைய விதிப்படி, பல்கலைக்கழகம் மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். பட்டம் முடித்தவருக்கு அந்தத் தடை இல்லை. பரோ மூன்று ஆண்டுக்குள் பட்டம் வாங்கியிருந்ததால் எல்எஸ்யூவுக்கு வந்து உடனே ஆட முடிந்தது. படித்து முடித்ததுதான் அவருக்குக் கதவைத் திறந்தது என்பதை எல்லா இளம் வீரர்களுக்கும் சொல்ல வேண்டும்.

2018-இல் அவர் எடுத்தது 2,894 யார்டு, 16 டச் டவுன். பரவாயில்லை என்று சொல்லும்படியான கணக்கு. 2019-இல் 5,671 யார்டு, 60 டச் டவுன், எதிரணி பறித்தது 6 மட்டுமே. எறிந்ததில் நூற்றுக்கு 76-க்கு மேல் உரியவர் கையில் சேர்ந்தது. ஒரு சீசனில் 60 டச் டவுன் பாஸ் என்பது அதுவரை மேல்மட்டப் பிரிவில் யாரும் தொடாத எண்.

ஒரே ஆண்டில் ஒருவர் இவ்வளவு மாற முடியுமா?

திடீரென்று அவருக்குக் கை வலுத்துவிடவில்லை. பரோவின் கை அந்த வயது குவாட்டர்பேக்குகளில் மிக வலுவானது என்று அப்போதும் யாரும் சொன்னதில்லை. அவரிடம் இருந்தது மூன்று விஷயம்: எதிரணியின் நிற்கும் நிலையைப் பந்து வருவதற்கு முன்பே படித்துவிடுவது, துல்லியம், அடி வாங்கினாலும் கண்ணைக் கீழே இறக்காமல் தூரத்திலேயே வைத்திருப்பது. பழைய ஆட்டமுறையில் இந்த மூன்றுக்கும் வேலையில்லை. புதிய முறை முழுக்க இவற்றின்மீதே கட்டப்பட்டது.

மூன்றாவது விஷயத்துக்கு ஓர் ஆதாரம் 2019 ஜனவரி 1-ஆம் தேதி ஆட்டத்திலேயே இருக்கிறது. அன்று தொடர்ந்து 25 ஆட்டம் ஜெயித்திருந்த யூசிஎஃப் (சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகம்) அணி எதிரே. தொடக்கத்திலேயே பரோவின் பந்து பறிபோனது. பறித்தவரை நோக்கி ஓடியபோது பக்கவாட்டில் ஒருவர் மோதியதில் தரையில் சுருண்டு விழுந்தார். எழுந்து வந்து 394 யார்டும் நான்கு டச் டவுனும் எறிந்தார். 40-32. அந்தச் சுருதி அப்படியே அடுத்த சீசனுக்குள் வந்தது.

ஒரே ஒரு ஆட்டநொடியைக் காட்ட வேண்டுமானால் எது?

செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரம், டெக்சஸ் அணியின் மைதானம். எல்எஸ்யூ 37-31 என்று முன்னிலை. இரண்டரை நிமிடத்துக்கு மேல் பாக்கி. மூன்றாவது டவுன், தேவை 17 யார்டு. பழைய எல்எஸ்யூவாக இருந்தால் பத்திரமாக ஓடிவிட்டு, நேரத்தைக் கரைத்துப் பந்தை உதைத்துக் கொடுத்திருக்கும்.

டெக்சஸ் ஆட்களைத் திரட்டிக் குவாட்டர்பேக்கின் மேல் பாய்ந்தது. பரோ பின்வாங்காமல் இடப்பக்கமாக ஒரு அடி முன்னே நகர்ந்து, கிட்டத்தட்ட ஓடிக்கொண்டே, ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். ஜெஃபர்சன் பிடித்துத் திரும்பியபோது முன்னால் ஆளே இல்லை. 61 யார்டு, டச் டவுன். பின்னால் 2 புள்ளியும் சேர்ந்தது. கடைசியில் 45-38.

ஆறு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது எறியலாம் என்று கோச்கள் நம்பினார்களே, அதுதான் அந்த ஆட்டநொடியின் சிறப்பு.

அலபாமாவை ஜெயித்த ஆட்டம் எப்படி நடந்தது?

நவம்பர் 9, டஸ்கலூசா, அலபாமாவின் கோட்டை. சொந்த மைதானத்தில் 31 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்த அணி. இரண்டு பக்கமும் அதுவரை தோல்வியே இல்லை. பாதி நேரத்தில் எல்எஸ்யூ 33-13. அலபாமா ரசிகர்கள் அப்படியொரு அமைதியில் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் கணுக்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத அலபாமா குவாட்டர்பேக் டூவா டகோவைலோவா விடவில்லை. 418 யார்டு எறிந்து அணியைத் திரும்பக் கொண்டுவந்தார். அவருக்கும் ஒரு வணக்கம் சொல்லியே ஆக வேண்டும். இந்த நேரத்தில் எல்எஸ்யூவைத் தாங்கியவர், பந்தை ஏந்தி ஓடும் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். ஐந்தே முக்கால் அடிக்கும் குறைந்த உயரம், பேட்டன் ரூஜ் பையன். தன்னைவிட உயரமும் எடையும் கூடிய ஆட்கள் இரண்டு மூன்று பேர் பிடித்தும் கால்களை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனார். அன்று அவர் மட்டும் நான்கு டச் டவுன்.

46-41. எட்டு ஆண்டுச் சுமை இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பரோவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. 2012-இல் அலபாமாவிடம் 21-0 என்று தோற்ற அந்த இறுதி ஆட்டத்தில் எல்எஸ்யூவின் குவாட்டர்பேக் ஜோர்டன் ஜெஃபர்சன். ஜஸ்டின் ஜெஃபர்சன் அவருடைய தம்பி. டஸ்கலூசாவில் கடைசி நிமிடத்தில் அலபாமா குட்டையாக உதைத்துப் பந்தைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தபோது, அதைத் தாவிப் பிடித்து ஆட்டத்தை முடித்து வைத்தவர் இந்தத் தம்பிதான்.

எல்லா ஆட்டமும் இப்படி நெருக்கமாக இருந்ததா?

இல்லை. மிக நெருக்கம் ஆபர்னுடன், 23-20. மற்றபடி வாண்டர்பில்ட் 66-38, புளோரிடா 42-28, ஆர்கன்சா 56-20 என்று பெரும்பாலும் தூரமாகவே போனது. டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்துக்கு மட்டும் ஒரு பின்னணி உண்டு. 2018-இல் இரு அணிகளும் ஏழு முறை கூடுதல் நேரம் ஆடி, எல்எஸ்யூ 74-72 என்று தோற்றது. 2019-இல் அதே அணி பேட்டன் ரூஜுக்கு வந்தபோது பதில் 50-7.

தடுப்பாட்டம் பலவீனம் என்கிறார்களே?

நடு சீசன்வரை அந்தக் குறை நியாயமானதே. மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எதிராக 58-37 என்று ஜெயித்த இரவில், எதிரணி ஓடியே 400 யார்டுக்கு மேல் எடுத்தது. காயம் பட்டவர்கள் வேறு. ஆனால் தடுப்பாட்டப் பொறுப்பாளர் டேவ் அராண்டாவின் ஆட்கள் சரியான நேரத்தில் எழுந்தார்கள். ஏ அண்ட் எம் 7 புள்ளி, எஸ்இசி இறுதியில் ஜார்ஜியா 10 புள்ளி. முதலாண்டு மாணவரான டெரெக் ஸ்டிங்லி ஜூனியர் அந்த சீசனில் ஆறு பந்துகளைப் பறித்தார். கிராண்ட் டெல்பிட் நாட்டின் சிறந்த பின்வரிசைத் தடுப்பாளருக்கான ஜிம் தார்ப் விருது வாங்கினார்.

கோப்பைக்கு எத்தனை படி ஏற வேண்டியிருந்தது?

அப்போதைய முறையில் 12 வழக்கமான ஆட்டம், பிறகு எஸ்இசி இறுதி, அப்புறம் தேர்வுக் குழு நாடு முழுவதிலிருந்தும் நான்கே அணிகளைத் தேர்ந்தெடுக்கும். அவற்றுக்குள் அரையிறுதி, இறுதி. (2024 முதல் 12 அணிகள்.)

டிசம்பர் 28, அட்லாண்டா, அரையிறுதி. ஓக்லஹோமாவுக்கு எதிராகப் பரோ முதல் பாதியிலேயே ஏழு டச் டவுன் எறிந்தார். அதில் நான்கு ஜெஃபர்சனுக்கு. முடிவு 63-28. ஆனால் அந்த நாளை ஆட்டமாக மட்டும் நினைக்க முடியாது. அன்று காலை லூசியானாவிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய சிறு விமானம் விழுந்து நொறுங்கியதில் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் மருமகள் இறந்துபோனார். அவர் அன்றும் தன் இடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார். அணி முழுதும் அவரைச் சுற்றி நின்றது.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ், இறுதி. எதிரே கிளெம்சன், 29 ஆட்டமாகத் தோற்காத அணி. அதன் குவாட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் முதல் வீரராக இறங்கிய எந்தக் கல்லூரி ஆட்டத்திலும் தோற்றதில்லை. கிளெம்சன் 17-7 என்று முன்னே போனது. முதல் சில முறை பரோவுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. பிறகு ரிசீவர் ஜமார் சேஸ் பக்கம் பந்து போகத் தொடங்கியது. அன்று சேஸ் பிடித்தது 221 யார்டு. பாதி நேரத்துக்குப் பத்து நொடி இருக்கும்போது அடித்த டச் டவுனில் எல்எஸ்யூ 28-17. அந்தச் சமயத்தில்தான் பரோவுக்கு விலாவில் பலத்த அடி. அதோடே இரண்டாம் பாதியும் ஆடினார். 42-25.

புள்ளிவிவரத்தில் இந்த அணி எங்கே நிற்கிறது?

15 ஆட்டத்தில் 726 புள்ளி. சராசரி 48.4. கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் எடுக்கும் 2020 என்எஃப்எல் தேர்வில் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து 14 பேர் எடுக்கப்பட்டார்கள், முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர். முதல் ஆளாக சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்தது பரோவை.

ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய தகவல் வேறு. சீசனுக்கு முன்பு, பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையில் முதல் நான்கு இடங்களில் இருந்தவை கிளெம்சன், அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹோமா. இந்த நான்கையும் எல்எஸ்யூ ஒரே சீசனில் தோற்கடித்தது. 1995 நெப்ராஸ்காவையும் 2001 மயாமியையும் மிகச் சிறந்த அணி என்று சொல்பவர்கள் உண்டு. தடுப்பாட்டத்தில் அவை மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எதிரிகளின் தரத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு 2019 எல்எஸ்யூவுக்கே.

பரோவின் ஹைஸ்மன் உரையைப் பற்றிப் பேசுகிறார்களே, ஏன்?

ஹைஸ்மன் என்பது நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான விருது. எல்எஸ்யூவுக்கு 1959-இல் பில்லி கேனனுக்குப் பிறகு இது இரண்டாவது முறை. வாக்குகளில் அந்த விருதின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசத்தில் பரோ ஜெயித்தார். மேடையில் தன் சாதனையைப் பேசாமல், தான் வளர்ந்த ஏதன்ஸ் வட்டாரத்தின் வறுமையைப் பேசினார். பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் சாப்பிட எதுவும் இல்லாத பிள்ளைகளைக் கண்கலங்கக் குறிப்பிட்டார். அதைக் கேட்டு அந்த ஊர் உணவு வங்கிக்குச் சில நாட்களிலேயே 4 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது.

இந்த வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

2019-இல் கிடையாது. படிப்புக்கான உதவித்தொகை, தங்குமிடம், சாப்பாடு மட்டும். கோச்களுக்கோ மில்லியன் கணக்கில். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. பரோவுக்கும் சேஸுக்கும் அது தாமதமாக வந்தது.

அப்புறம் அணி என்ன ஆனது?

கலைந்தது. பிரேடி என்எஃப்எல்லுக்கும் அராண்டா பெய்லர் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். முக்கிய வீரர்களில் பலர் தொழில்முறைக்குப் போய்விட்டார்கள். 2020-இல் 5 வெற்றி, 5 தோல்வி. 2021 அக்டோபரில் ஓர்ஜரானும் பல்கலைக்கழகமும் பிரிவதாக அறிவித்தார்கள். கோப்பை வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. கல்லூரி அணி என்றால் இப்படித்தான், நான்கைந்து ஆண்டில் எல்லோரும் போயாக வேண்டும்.

முதல் முறை பார்ப்பவர்கள் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

டெக்சஸ், பிறகு அலபாமா, பிறகு கிளெம்சன், இந்த வரிசையில். ஓக்லஹோமா ஆட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்பதால் விதிகள் பழகிய பிறகுதான் அதன் அழகு தெரியும். பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் பந்தின் பின்னாலேயே போகாமல், பந்து வருவதற்கு முந்தைய மூன்று நான்கு நொடி பரோ தலையை எந்தப் பக்கம் திருப்புகிறார், கையால் யாரை இடம் மாற்றி நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். பாதி டச் டவுன்கள் அந்த நொடிகளிலேயே முடிவாகிவிடுகின்றன.